நான்கு சால் கரும்பு

பூனைக்குப் பரிந்து பேசுவதற்கு ஒரு வேலை இருக்கிறது, அதற்குப் படித்த ஆள் வேண்டும், அந்த ஆள் நான்தான் என்று சொன்னால் எங்கள் கடலூர் பக்கத்தில் முதலில் சிரிக்கிறார்கள், அடுத்து "பர்மனென்ட்டா?" என்று கேட்கிறார்கள். பர்மனென்ட் இல்லை. பதினொரு மாத ஒப்பந்தம். நரி, நீர்நாய், காட்டுப்பூனை என்று ஊரைச் சுற்றி இன்னும் மிச்சமிருக்கும் ஊன் தின்னும் விலங்குகள் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடிக் குறித்துக்கொள்வதும், அவை நம் கையால் சாகாமல் பார்த்துக்கொள்வதும் என் வேலை. இங்கே காடு என்று பெரிதாக எதுவும் கிடையாது. பிச்சாவரத்தை விட்டால் மீதியெல்லாம் கரும்பு, முந்திரி, சவுக்கு, வாய்க்கால். இந்த விலங்குகள் அதற்குள் வாடகை வீட்டில் இருப்பவர்களைப்போல, எப்போது காலி செய்யச் சொல்வார்களோ என்று இருக்கின்றன.

பார்க்கும் வேலையை வீட்டில் விளக்க முடியாதவர்கள், ஒப்பந்தம் முடியும் மாதத்தில் சாப்பாடு இறங்காதவர்கள், கதவைப் பூட்டியபின் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பவர்கள், நீங்களெல்லாம் என் ஆட்கள். உங்களிடம் மூன்று பூனைக்குட்டிகளைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நேராக அதைத் தொடங்கத் துணிவு வரவில்லை. அதனால் அதற்கு முன் நடந்த சிலவற்றிலிருந்து வருகிறேன்.

முதல் பட்டதாரி

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தாசில்தார் கையெழுத்துப் போட்ட முதல் பட்டதாரி சான்றிதழை அம்மா இன்னும் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். அம்மா நெல்லிக்குப்பம் பக்கம் இருபது வருடம் கரும்பு வெட்டியவள். எனக்கு வேலை கிடைத்தபோது அவளுக்கு இருந்த ஒரே சிக்கல், அது என்ன வேலை என்று அக்கம்பக்கத்தில் சொல்வது. விலங்கியல் என்றால் "மாட்டு டாக்டரா?" என்றார்கள். ஆராய்ச்சி என்றால் "எலியப் போட்டு அறுக்கறதா?" என்றார்கள். கடைசியில் "கவர்மெண்டு மாதிரி" என்று ஒரு பதிலைத் தயார் செய்து வைத்துக்கொண்டாள்.

முதுநகரில் ஒரு கல்யாணம். பந்தியில் அம்மாவின் தம்பி, என் மாமா, எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். "கவர்மெண்டு மாதிரின்னா என்னா வேலைம்மா?" என்று கேட்டார். எனக்குப் பொய் வராது. வந்தாலும் பாதியில் திக்கும். காட்டுப்பூனை, நரி எல்லாம் எங்கே இருக்கின்றன என்று பார்த்து, அவை அழியாமல் பார்த்துக்கொள்கிற வேலை என்று சொன்னேன். மாமா அப்பளத்தை நொறுக்கிச் சாம்பார் சோற்றின் மேல் போட்டார். அம்மாவை ஒரு முறை பரிதாபமாகப் பார்த்தார். பிறகு பக்கத்து இலைக்காரருக்கும் கேட்கும்படி சொன்னார்: "எம்.எஸ்ஸி. படிச்சது பூனையப் பாத்துக்கறதுக்கா? எங்க வூட்டுல ஒன்னு இருக்கற பாலையெல்லாம் குடிச்சிட்டு சும்மாத்தான் கெடக்குது, வந்து பாத்துக்க."

மடியில் ஒரு பொட்டலம்

இந்த விலங்குகளைக் கண்ணால் பார்ப்பது அபூர்வம். அதனால் அவை விட்டுச் சென்ற எச்சத்தைப் பொறுக்கி, காயவைத்து, காகித உறையில் போட்டு, தேதியும் இடமும் எழுதி, சிதம்பரத்தில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுபோவோம். பட்டம் வாங்கிய நாளில் இதை யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் பண்ருட்டியில் பஸ் ஏறினேன். மடியில் பை. பக்கத்தில் முந்திரிப் பருப்புக் கூடையோடு ஒரு அம்மா. மூக்கை உறிஞ்சிவிட்டு, "என்னா பாப்பா, கருவாடா?" என்றார். நான் உண்மையைச் சொன்னேன். எழுந்து வேறு இருக்கைக்குப் போவார் என்று நினைத்தேன். அவர் போகவில்லை. "அத வெச்சி என்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

ஒரு உறையைப் பிரித்துக் காட்டினேன். எலி முடி, எலிப் பல், சின்ன எலும்புகள். முந்திரித் தோப்பிலும் கரும்புக் கொல்லையிலும் காட்டுப்பூனை தின்பது பெரும்பாலும் எலிதான், கோழி எப்போதாவதுதான் என்று சொன்னேன். அவர் குனிந்து அந்தப் பல்லைக் கூர்ந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல், ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "நாங்க வருசா வருசம் மருந்து வெக்கறோம். போன தடவ வரப்புல இது மாதிரி ஒன்னு செத்துக் கெடந்துச்சி. எலி மருந்த எலி மட்டுந்தான் திங்கும்னு நெனச்சிட்டோம் பாப்பா."

யார் வீட்டு நாயோ

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பெரிய சாலையில், ஆலப்பாக்கம் தாண்டி ஒரு காலையில், வண்டியில் அடிபட்ட நரி ஒன்று கிடந்தது. அடிபட்டவற்றை அளந்து எழுதுவதும் என் வேலைதான். ஓரமாக இழுத்துப் போட்டு, மூக்கிலிருந்து வால் நுனி வரை டேப் பிடித்தேன். பெண் நரி. மடியில் பால் இருந்தது. அதற்குமேல் எதையும் எழுத எனக்குப் படிவத்தில் இடம் இல்லை. அருகில் எங்காவது ஒரு வளையில் குட்டிகள் காத்திருக்கும் என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மோட்டார் சைக்கிளில் போன ஒரு கணவன் மனைவி வண்டியை நிறுத்தினார்கள். அவர் இறங்கி ஓடி வந்தார். முகத்தில் நிஜமான பதற்றம். எனக்கு ஒரு நிமிடம் ஆறுதலாகக்கூட இருந்தது, ஊரில் ஒருவராவது இதற்காக வண்டியை நிறுத்துகிறாரே என்று. குனிந்து பார்த்துவிட்டு, "நரியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் நெஞ்சில் கை வைத்து மனைவியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "அப்பாடா, நரிதான்டி! யார் வூட்டு நாயோன்னு பயந்துட்டேன்."

வலைக்கு யாரு?

கிள்ளைப் பக்கத்து வாய்க்கால்களில் நீர்நாய்கள் உண்டு. வலையில் மாட்டிய மீனை எடுக்க வரும்போது வலையையும் கிழித்துவிடும். அங்கே ஒரு மீன்காரர் தன் வலையை எனக்கு முன்னால் விரித்துப் போட்டார். நான் உள்ளே இறங்கிப் போகலாம், அவ்வளவு பெரிய கிழிசல். நீர்நாய் அழிந்துகொண்டிருக்கிறது, அதை அடிக்கக்கூடாது என்று நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னார்: "நீர்நாய்க்குப் பேச நீ வந்துட்ட, சரி. வலைக்குப் பேச யாரும்மா வருவாங்க?"

நோட்டீஸ்

இனிமேல்தான் கரும்பு. கரும்புக் கொல்லைக்குள்தான் காட்டுப்பூனை குட்டி போடுகிறது. வெயில் படாது, நாய் நுழையாது, எலிக்குப் பஞ்சமில்லை. பத்துப் பன்னிரண்டு மாதம் வளர்ந்த கரும்புக்கு ஒரு நாள் ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வரும். ஆட்கள் ஓரத்திலிருந்து வெட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். உள்ளே இருக்கும் உயிரெல்லாம் ஒதுங்கி ஒதுங்கிக் கடைசிச் சால்களுக்கு, அதாவது கடைசி வரிசைகளுக்கு, வந்து சேரும். பெரிய பூனை ஓடிவிடும். குட்டிகள் கிடக்கும். புலிக்குட்டி என்று சொல்லி யாராவது தூக்கிப் போவார்கள், பசும்பால் ஊற்றுவார்கள், வயிறு போய் மூன்று நாளில் சாகும். கெட்ட எண்ணத்தால் அல்ல, பாவம் பார்த்துத்தான். செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: குட்டி கிடக்கும் இடத்தைச் சுற்றிக் கொஞ்சம் கரும்பை விட்டுவிட்டு, எல்லோரும் விலகிப்போக வேண்டும். இருட்டும் நேரத்தில் தாய் வந்து ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு போய்விடும்.

இதை அழகாக எழுதி, படம் போட்டு, நோட்டீஸ் அடித்தேன். ஒரு எழுத்துப்பிழை வரக்கூடாது என்று நான்கு முறை திருத்தினேன். நெல்லிக்குப்பம் பக்கத்தில் வெட்டு ஆட்களை வைத்து வேலை வாங்கும் மேஸ்திரி ஒருவரிடம், ராமலிங்கம் என்று பெயர், முதல் கட்டைக் கொடுத்தேன். அவர் ஒன்றை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கரும்பு வெட்டியவளின் மகளுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். அம்மாவுக்கு இன்றுவரை பஸ்ஸில் ஊர்ப் பெயரை நான்தான் படித்துச் சொல்கிறேன். மேஸ்திரி சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "நோட்டீஸ் ஜோராத்தான் இருக்குது மேடம். ஆனா படிக்கத் தெரிஞ்சவன் எவன் கரும்பு வெட்ட வர்றான்?"

லாரிக்காரனுக்குப் பதில்

அதன்பிறகு நோட்டீஸை மூட்டை கட்டி வைத்துவிட்டு, வெட்டு நடக்கும் கொல்லைகளுக்கு நேரிலேயே போய்ப் பேசினேன். தை மாதத்தில் ஒரு மத்தியானம் மேஸ்திரியிடமிருந்து போன். "மூணு கெடக்குது மேடம். யாரும் தொடல. நீங்க சொன்னா மாதிரியே நிறுத்திட்டோம்." சிதம்பரத்திலிருந்து எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று நினைவில்லை. அந்தக் கொல்லை கலியபெருமாள் என்ற விவசாயியுடையது. மொத்தமும் வெட்டியாகிவிட்டது. நடுவில் நான்கு சால் கரும்பு மட்டும், ஓர் ஆள் படுக்கும் நீளத்துக்குப் பத்து மடங்கு இருக்கும், அப்படியே நின்றது. அதற்குள் காய்ந்த கரும்புச் சோகை மெத்தைமேல் மூன்று குட்டிகள். கண் திறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். வெட்டுக்கு வந்திருந்த செல்வி அக்கா, வெயில் விழுந்த பக்கத்தில் தன் தலையில் கட்டியிருந்த துண்டை இரண்டு கரும்புக்கு நடுவில் கட்டி நிழல் போட்டிருந்தார்.

கலியபெருமாள் ஒரே ஒரு ராத்திரிதான் தருவேன் என்றார். காலையில் லாரி வரும், மிச்சத்தை ஏற்றவேண்டும், வெட்டிய கட்டை மறுபடி தளிர்ப்பதற்குச் சோகையைக் கொளுத்தவேண்டும். அவர் சொன்னது நியாயம். இருட்டியதும் தாய் வந்துவிட்டால் ஒரு மணி நேரம்கூடத் தேவைப்படாது. வனத்துறைக்குப் போன் செய்து தகவல் சொன்னேன். பொறுப்பு முழுவதும் என்னுடையது. லாரியில் ஏற்ற வேண்டியது குறைகிறதே, லாரிக்காரன் கேட்பானே என்று மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கேட்டா, புள்ளைங்க தூங்குது, எழுப்ப மனசு வரலன்னு சொல்லிக்கறேன்."

ஆனில்தான் இருந்தது

உடல் சூட்டை உணர்ந்து தானே படம் எடுக்கும் கேமரா ஒன்றை ஒரு கம்பில் கட்டி, குட்டிகளைப் பார்க்க நட்டேன். மூடியைச் சாத்தினால் வெளியே விளக்கு எதுவும் எரியாது. விலங்கு பயப்படக்கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். பிறகு எல்லோரையும் கிளம்பச் சொன்னேன். "விடியறவரைக்கும் யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது. நானும் போகமாட்டேன்" என்றேன். இந்த வார்த்தைகளைத்தான் சொன்னேன், நன்றாக நினைவிருக்கிறது. கலியபெருமாளின் மோட்டார் கொட்டகையில் அவரும் நானும் உட்கார்ந்தோம். அவருடைய நாய் என் காலடியில் வந்து படுத்தது. பையில் இருந்த பிஸ்கட் இரண்டைப் போட்டேன்.

மணி ஆறரை. மேற்கே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது: கேமராவை ஆன் செய்தேனா? செய்தேன் என்றுதான் நினைவு. ஆனால் பூட்டையும் பூட்டியதாகத்தான் எப்போதும் நினைவிருக்கும், இருந்தாலும் திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பேன். என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும், அந்த எண்ணம் வந்துவிட்டால் உள்ளங்கை வியர்க்கும், வேறெதுவும் காதில் விழாது. படம் எடுக்காவிட்டால் தாய் வந்ததற்குச் சாட்சி ஏது, ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறதே என்றும் நினைத்தேன். அதையும் மறைக்கவில்லை. ஐந்து நிமிடம் பொறுத்தேன். பிறகு செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்து போய், கேமரா மூடியைத் திறந்தேன். ஆனில்தான் இருந்தது. குட்டிகளுக்குத் தொந்தரவு ஆகக்கூடாது என்று அவற்றின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்துவிட்டேன். அவ்வளவு கவனம்.

கொட்டகைக்குத் திரும்பியதும் கலியபெருமாள், "என்னா, வந்துடுச்சா?" என்று கேட்டார். இல்லை, கேமரா ஆனில் இருக்கிறதா என்று பார்த்தேன் என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். "பொட்டி ஆன்லதான இருக்குது? அப்பறம் என்னா பாப்பா, மனச ஆஃப் பண்ணிட்டு வூட்டுக்குப் போ."

படங்கள்

காலையில் நான் போனபோது நாய்தான் முதலில் வாலை ஆட்டிக்கொண்டு எதிரே வந்தது. நான்கு சால் கரும்புக்குள்ளிருந்து வந்தது. சோகைமேல் இரண்டு குட்டிகள். ஒன்று பனியில் விறைத்திருந்தது. மற்றொன்றுக்கு மூச்சு இருந்தது. மூன்றாவது இல்லை. நாய் தின்றுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன், அதன்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. பிறகு கேமராவைத் திறந்து ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தேன்.

முதல் படம், ஆறு முப்பத்தாறு. கரும்பின் ஓரத்தில் தாய். நீண்ட கால், காது நுனியில் கறுப்பு முடி. ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி நிற்கிறது. இரண்டாவது படம், ஆறு முப்பத்தேழு. வாயில் ஒரு குட்டி, கால்கள் தொங்க. முகம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது. மூன்றாவது படம், ஆறு நாற்பத்து ஒன்று. என் செருப்பு. நான்காவது படத்தில் நாய். பிஸ்கட் போட்ட பாசத்தில் என் பின்னாலேயே வந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. நான் திரும்பிவிட்டேன், அது திரும்பவில்லை. விடியும் வரை நாய், நாய், நாய். குட்டிகளைத் தொடவில்லை, பக்கத்தில் படுத்து மோந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரே ஒரு படத்தில் வெகுதூரத்தில் இரண்டு புள்ளிகளாகக் கண்கள் மட்டும் தெரிகின்றன. அதற்குமேல் தாய் நெருங்கவில்லை.

உயிரோடு இருந்ததைத் துணியில் சுற்றிக்கொண்டு வனக்காப்பாளருடன் கடலூருக்குக் கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். அவர் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்தார். வெந்நீர்ப் பையின் மேல் வைத்தார், சொட்டுச் சொட்டாக ஊற்றிப் பார்த்தார். மூன்று மணி வாக்கில் கையுறையைக் கழற்றினார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பால் குடிக்கற வயசும்மா. இந்த வயசுல அதுக்கு மருந்தே தாய்தான்."

அருவாள்

இரண்டு நாள் வீட்டில் சும்மா இருந்தேன். இரண்டாம் நாள் அம்மா சோறு போட்டுவிட்டு என் எதிரில் உட்கார்ந்துகொண்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், படங்களையும் காட்டினேன். தாய் ஏன் பயந்து ஓடியது, தன் குட்டிதானே, எதிர்த்து நின்றிருக்கலாமே, ஒரு சீற்றம் சீறியிருந்தால் நான் திரும்பி ஓடியிருப்பேனே என்று என்னென்னவோ பேசினேன். பழியில் கொஞ்சத்தை அதன்மேல் போட்டுப் பார்த்தேன் என்று இப்போது தெரிகிறது.

அம்மா அந்த முதல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் படம். என்னைக் கைக்குழந்தையாகக் கரும்புக் கொல்லை ஓரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு வெட்டியவள் அவள். அதை நான் கேள்விப்பட்டிருக்கிறேன், யோசித்ததில்லை. போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, தட்டில் இன்னொரு கரண்டிக் குழம்பு ஊற்றினாள். "ஒந் தூளிகிட்ட எவனாச்சும் போனா, நான் வெட்டறத வுட்டுட்டு அருவாளோட ஓடியாருவேன். அதுகிட்ட அருவா இல்லடி."

அறிக்கையில் ஒரு கட்டம்

அறிக்கைப் படிவத்தில் "குட்டிகள் தாயுடன் சேராததற்குக் காரணம்" என்று ஒரு கட்டம் உண்டு. எங்கள் திட்டத் தலைவர் நல்ல மனிதர். சிதம்பரம் அலுவலகத்தில் என்னை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "'தாய் முழுமையாகத் திரும்பவில்லை'ன்னு எழுதும்மா. அது பொய் இல்லையே" என்றார். பொய் இல்லைதான். ஆனால் அதைப் படிக்கிற அடுத்த ஆள், காட்டுப்பூனை குட்டியைக் கைவிட்டுவிடும் என்று நினைத்துக்கொள்வார். இனிமேல் குட்டிகளை விட்டுவைப்பதில் பயன் இல்லை, எடுத்துப்போய்க் கூண்டில் வளர்க்கலாம் என்று நினைத்துக்கொள்வார். நான்கு சால் கரும்பை இனி யாரும் விடமாட்டார்கள்.

அதனால் இப்படி எழுதினேன்: "தாய் வந்தது. ஒரு குட்டியைக் கொண்டுசென்றது. அடுத்த குட்டிக்குத் திரும்புமுன், தேவை இல்லாமல், கள உதவியாளர் அங்கே சென்றார். நாய் ஒன்று அவரைப் பின்தொடர்ந்து சென்று அங்கேயே தங்கிவிட்டது. கள உதவியாளர் நான்." கடைசி வரி படிவத்துக்குத் தேவையில்லை. எழுதியபின் அடிக்க மனம் வரவில்லை. தலைவர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஒன்னைய இன்னும் ஆறு மாசம் வெச்சிக்கணும்னு நான் எழுதற லெட்டரோட இதையும் சேத்துத்தாம்மா அனுப்பணும். ரெண்டுல எத நம்புவாங்கன்னு எனக்கே தெரியல."

இரண்டாவது படம்

அறிக்கையில் எழுதுவது சுலபம். மேஸ்திரியின் ஆட்களிடம் போய்ச் சொல்வதுதான் மிச்சமிருந்தது. அவர்கள் நான் சொன்னதைக் கேட்டு வேலையை நிறுத்தியவர்கள், நிழல் கட்டியவர்கள், சொன்ன பேச்சைக் காப்பாற்றியவர்கள். காப்பாற்றாத ஒரே ஆள் நான். ஒரு வாரம் கழித்து வேறொரு கொல்லையில் வெட்டு நடந்தது. சாப்பாட்டு நேரத்தில் போய், வரப்பில் நின்றுகொண்டு, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். போனைக் கையிலிருந்து கைக்குக் கொடுத்துப் படங்களைப் பார்த்தார்கள். யாரும் திட்டவில்லை. மேஸ்திரி மட்டும், "நாயக் கட்டிப் போட்டிருக்கணும், நமக்கும் தோணல பாரு" என்று பழியில் கொஞ்சத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் அம்மாவிடம் செய்ததற்கு நேர்மாறாக.

போன் கடைசியாகச் செல்வி அக்காவிடம் போனது. அவர் சாப்பிட்ட கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். முதல் படம், இரண்டாவது படம், மூன்றாவது படம், மறுபடி இரண்டாவது. வாயில் குட்டி தொங்க, வெளியே திரும்பிய முகம். வெகுநேரம் அதையே பார்த்தார். அந்தக் குட்டி இப்போது எங்காவது இருக்கும் இல்லையா என்று கேட்டார். இருக்கலாம் என்றேன். நிச்சயமாகத் தெரியாததை நான் சொல்வதில்லை. போனை என்னிடம் நீட்டினார். "எம் பையன் நம்பர் தர்றேன், அவன் போனுக்கு இந்த ரெண்டாவது படத்த அனுப்பு பாப்பா. செருப்பு இருக்கறது வேணாம்."

ஒப்பந்தத்தை ஆறு மாதம் நீட்டியிருக்கிறார்கள். வீட்டுப் பூட்டை இப்போதும் மூன்று முறை இழுத்துப் பார்க்கிறேன், கேமராவை மட்டும் ஒரே முறை பார்த்துவிட்டு, அங்கே இருக்கும் நாயையும் பிடித்துக் கட்டிவிட்டு, உள்ளங்கை வியர்க்க வியர்க்க பஸ் ஏறிவிடுகிறேன்.